கபினிக்குச் சித்திரை, பரபொளேவுக்கு ஆடி: பெங்களூரிலிருந்து காட்டுக்குக் கிளம்ப மாதம் பார்ப்பது எப்படி

பெங்களூருக்கு வேலை மாறி வந்தவர்கள் வீடு, தண்ணீர் கேன், பள்ளி எல்லாம் ஒருவழியாக அமைந்தவுடன் கேட்கும் அடுத்த கேள்வி, "காட்டுக்கு எப்போ போனா நல்லா இருக்கும்?" கேட்பவர் மனதில் புலி இருக்கும், யானைக் கூட்டம் இருக்கும், ராஃப்டிங், ட்ரெக்கிங், கூடவே ஒரு அருவியும் இருக்கும். பதில் சொல்பவரும் யோசிக்காமல் "அக்டோபர்லேர்ந்து மார்ச்" என்பார். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஊட்டியில் போட்டோ எடுக்க அந்தப் பதில் போதும். காட்டுக்குப் போதாது.

ஏனென்றால் நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பருவம் ஒன்றில்லை. விலங்கு பார்க்கக் காடு காய்ந்திருக்க வேண்டும். ராஃப்டிங்குக்கு ஆறு நிறைந்திருக்க வேண்டும். பாறை ஏறக் கல் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மலை நடைக்கு மழை விட்டிருக்க வேண்டும், ஆனால் புல் காய்ந்துவிடக் கூடாது. எல்லாமே கடைசியில் தண்ணீர்க் கணக்கு. நீங்கள் போகும் இடத்தில் அந்த மாதம் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டால் மீதி தானாக விளங்கிவிடும்.

முதலில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

குடும்பத்தோடு உட்கார்ந்து, இந்தப் பயணத்தில் எது நடக்காவிட்டால் ஏமாற்றமாக இருக்கும் என்று பேசி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்கு யானை என்றால் யானை. நண்பர் கூட்டத்துக்கு ராஃப்டிங் என்றால் ராஃப்டிங். அந்த ஒன்றுக்குத்தான் மாதம் பார்க்க வேண்டும். மற்றவை கிடைத்தால் லாபம். இரண்டையும் சம அளவில் வைத்துக்கொண்டு தேதி தேடினால், இரண்டும் அரைகுறையாகக் கிடைக்கும் ஒரு டிசம்பர் கடைசி வாரத்தில், இரண்டு மடங்கு வாடகை கொடுத்துப் போய் நிற்பீர்கள்.

அடுத்து லீவு. தமிழ்நாட்டுப் பழக்கத்தில் பொங்கலுக்கு நாலு நாள் சேர்ந்து கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே சங்கராந்திக்குப் பெரும்பாலும் ஒரே நாள்தான். பிள்ளைகளின் பெரிய விடுமுறை ஏப்ரல், மே, அப்புறம் தசரா. கோடை விடுமுறை விலங்கு பார்ப்பதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

ஜன்னல் மழையை நம்பாதீர்கள்

தமிழ்நாட்டில், அதுவும் சென்னைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு மழைக்காலம் என்றால் ஐப்பசி, கார்த்திகை. மேற்குத் தொடர்ச்சி மலையில் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும். சில நாட்களில் கர்நாடகக் கடற்கரைக்கும் குடகுக்கும் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் உச்சம்.

புதிதாக வந்தவர்கள் ஏமாறும் இடம் இதுதான். ஜூலையில் பெங்களூரில் தூறல், குளிர்காற்று, நல்ல வானிலை. இந்நகரத்துக்குப் பெரிய மழை செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். அதே ஜூலையில் 350 கிலோமீட்டர் தள்ளி, சிவமொக்கா மாவட்டத்து மலையூரான ஆகும்பேயில் நாள்கணக்கில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்கும். பெங்களூரின் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர் என்றால் ஆகும்பேயில் 7000-க்கு மேல். எனவே போகும் இடத்தின் வானிலையை மாவட்டம் பார்த்துத் தேடுங்கள். குடகு, சிக்கமகளூர், சிவமொக்கா, உத்தர கன்னடம் என்றால் மேற்கு மழை. பிலிகிரிரங்கன் மலை, காவிரிக் காடுகள், மசினகுடிப் பக்கம் என்றால் ஐப்பசி மழைக்கும் பங்கு உண்டு. நவம்பரில்கூட நனைய நேரிடும்.

விலங்கு பார்க்க: மாசி முதல் சித்திரை வரை

நாகரஹொளே, பந்திப்பூர், முதுமலை மூன்றிலும் பெரும்பகுதி இலையுதிர் காடு. ஜனவரியிலிருந்து இலை கொட்ட ஆரம்பிக்கும். புதர்கள் மெலியும். மார்ச்சில் பத்தடிக்கு அப்பால் நிற்கும் கடமான்கூடத் தெரியும். அதே இடத்தில் நவம்பரில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் யானையே நின்றாலும் தெரியாது. மரத்தில் படுத்திருக்கும் சிறுத்தையைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் இலை இல்லாத இந்த மாதங்கள்தான்.

இன்னொரு காரணம் குட்டைகள். மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர். விலங்குக்கு ஓரிடம் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. பங்குனி வெயிலில் சிறு ஓடைகள் வற்றி, ஆற்றங்கரையும் சில குளங்களும்தான் மிஞ்சும். எல்லா உயிரும் அங்கே வந்தாக வேண்டும்.

இது மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கபினி. பந்திப்பூருக்கும் நாகரஹொளேவுக்கும் நடுவே 1974-ல் கட்டி முடிக்கப்பட்ட கபினி அணையின் நீர்ப்பரப்பு கோடையில் சுருங்கும். தண்ணீர் விலகிய சேற்று நிலத்தில் இளம்புல் முளைக்கும். சுற்றிலும் காடு காய்ந்து கிடக்கும் நேரத்தில் பச்சைப்புல்லும் தண்ணீரும் ஒரே இடத்தில் கிடைத்தால் யானைகள் வேறெங்கே போகும்? கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு மூன்று மாநிலக் காடுகளும் அங்கே தொட்டுக்கொண்டிருப்பதால், பல திசைகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. ஆசிய யானைகள் மிகப் பெரிய அளவில் ஒன்றுகூடும் இடங்களில் ஒன்று என்று கபினியைச் சொல்வது இதனால்தான். ஏப்ரல், மே மாதங்களில் மாலை சஃபாரி போனால் கரை நெடுக யானை, காட்டெருமை, புள்ளிமான் என்று பார்த்துக்கொண்டே வரலாம். ஜூலை, ஆகஸ்டில் அணை நிரம்பியதும் அந்தப் புல்வெளி முழுக்கத் தண்ணீருக்கு அடியில். அதே விடுதி, அதே ஜீப், அதே கட்டணம், ஆனால் பார்ப்பது வேறு காடு.

வெயில் இருக்கும், பொய் சொல்லக் கூடாது. மதியம் அறையைவிட்டு வெளியே வர மனம் வராது. சஃபாரி விடிகாலையிலும், மூன்று மணிக்குப் பிறகும்தான் என்பதால் சமாளிக்கலாம். ஒரு கோடை மழை பெய்துவிட்டால் அடுத்த இரண்டு மூன்று நாள் குட்டைகளில் கூட்டம் குறையும். அது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. புலிக்கு எந்த மாதத்திலும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. தருகிறேன் என்று சொல்லும் ஏஜென்டிடம் முன்பணம் கட்டாதீர்கள்.

அப்படியானால் மழைக்காலத்தில் காட்டுக்கே போகக் கூடாதா? போகலாம். கன்ஹா, பாந்தவ்கர் போன்ற மத்திய இந்தியக் காப்பகங்களின் மையப்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை மூடியிருக்கும். நம் பக்கத்துக் காடுகளில் அப்படி மூன்று மாதக் கதவடைப்பு பொதுவாக இல்லை. ஜூன் முதல் மழைக்குப் பின் பந்திப்பூர் பச்சையாக மாறியிருக்கும், புழுதி அடங்கியிருக்கும், மான் குட்டிகளோடு திரியும், கூட்டமும் குறைவு. காட்டைப் பார்க்கப் போகிறவருக்கு அது அருமையான மாதம். விலங்கை எண்ணப் போகிறவருக்கு இல்லை.

பறவை என்றால் கணக்கு எளிது. வேடந்தாங்கலுக்கு மார்கழியில் போய்ப் பழகியவர்கள் அதே மாதத்தில் ரங்கனதிட்டு போனால் பறவை இருக்கும், கூடுகள் அவ்வளவு இருக்காது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் காவிரித் தீவுகளில் இருக்கும் இந்தச் சரணாலயத்தில் வர்ண நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்க பிப்ரவரிக்கு மேல் போங்கள். படகின் பக்கத்திலேயே பாறையில் முதலை படுத்திருக்கும். மழைக்காலத்தில் கிருஷ்ணராஜ சாகரிலிருந்து அதிகத் தண்ணீர் திறந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். மத்தூருக்குப் பக்கத்தில் கொக்கரே பெல்லூரில் ஊருக்குள்ளேயே புளியமரங்களில் கூழைக்கடா கூடு கட்டும். ரங்கனதிட்டு போகும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

தண்ணீர் விளையாட்டு: ஆறு எங்கிருந்து நிரம்புகிறது?

ராஃப்டிங்குக்கு மாதம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, எந்த ஆறு என்றுதான். தெற்குக் குடகில் பரபொளே மழையால் ஓடும் ஆறு. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் ராஃப்ட் மிதக்கும். அதற்கப்புறம் பாறைதான் தெரியும். ஓடும்போது சீற்றமும் அதிகம், முதல்முறை போகிறவருக்கு அது இடமல்ல. தாண்டேலியில் காளி ஆறு நேர்மாறு. மேலே சூப்பா அணையிலிருந்து மின்சாரத்துக்காகத் திறந்துவிடும் தண்ணீரில் அங்கே ராஃப்டிங் நடக்கிறது. அதனால் அக்டோபரிலிருந்து கோடை வரை ஓடும், மழைக்காலத்தில்தான் நிறுத்துவார்கள். ஒரே விளையாட்டு, ஒரே மாநிலம், பருவம் மட்டும் தலைகீழ். தாண்டேலிக்கு ஏறக்குறைய 460 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும் என்பதால் இரண்டு நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்; கூடவே அங்கே இருவாச்சிப் பறவைகள் இருக்கின்றன, ஜனவரி முதல் மார்ச்சுக்குள் போனால் அவற்றையும் தேடலாம். விலங்கும் சாகசமும் ஒரே பயணத்தில் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்லும் ஒரே ஊர் இதுதான்.

பரபொளேவுக்காக ஆடியில் குடகு போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். 2018 ஆகஸ்டில் குடகிலும் 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டிலும் நடந்த நிலச்சரிவுகள் நமக்குத் தெரியும். இந்திய வானிலை ஆய்வு மையம் அந்த மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுத்திருந்தால் கட்டிய பணத்தைப் பார்க்காமல் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பதிவு செய்யும்போதே தேதி மாற்ற விடுவார்களா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடலுக்குள் மூழ்கிப் பார்க்க ஆசை என்றால் முருடேஸ்வரத்துக்கு அப்பால் நேத்ராணித் தீவு. அக்டோபர் முதல் மே வரை. ஒகேனக்கல் பரிசல் நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காவிரியில் நீர்வரத்து கூடினால் தருமபுரி மாவட்ட நிர்வாகம் தடை போடும். கிளம்புவதற்கு முன் தமிழ்ச் செய்தியில் நீர்வரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

மலை நடை: மழை விட்டதும், தீ வருவதற்கு முன்னும்

குதிரேமுக் (1,894 மீட்டர்), குக்கே சுப்ரமண்யாவுக்கு மேலே குமார பர்வதம் (1,712 மீட்டர்), குடகில் தடியண்டமோள் (1,748 மீட்டர்). பெங்களூர்க்காரர்கள் அதிகம் ஏறும் மலைகள் இவை. மூன்றுக்கும் என் கணக்கில் அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி வரை நல்ல காலம். புல் இன்னும் பச்சை, பாதை காய்ந்திருக்கும், மேலே ஏறினால் கண்ணுக்கு எட்டும் தூரம் தெரியும். ஆகஸ்டில் குதிரேமுக் ஏறுவதுதான் இப்போது மோஸ்தர். மேகத்துக்குள் நடப்பது சுகம்தான், மறுக்கவில்லை. ஆனால் உச்சிக்குப் போனால் ஒன்றும் தெரியாது, ஆடிக்காற்று ஆளைத் தள்ளும், இறங்கும்போது செம்மண் பாதை வழுக்கும். முதல் மலையாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

பிப்ரவரிக்கு மேல் நிலைமை வேறு. புல்மலை காய்ந்து தீப்பிடிக்கும் பருவம். அந்த நாட்களில் வனத்துறை பல பாதைகளை மூடிவிடும். மூடாமல் இருந்தாலும் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் மலையேறப் போனவர்கள். காய்ந்த புல் சரிவில் தீ, மனிதன் ஓடுவதைவிட வேகமாக மேலே ஏறும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்ததும் இதே பருவத்தில்தான். ஆக, விலங்கு பார்க்க உகந்த மாதங்கள்தான் மலையேற ஆகாத மாதங்கள். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்க முடியாது என்று முதலில் சொன்னதற்குக் காரணம் புரியும்.

பாறை ஏறுபவர்களுக்கு ராமநகரம், சாவனதுர்கா, கோலார் அந்தரகங்கே எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் கருங்கல் சுடும், மழையில் வழுக்கும், அவ்வளவுதான்.

அனுமதியும் பதிவும்

மாதம் முடிவானதும் விடுதியைத் தேடாதீர்கள், முதலில் காடு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில், புலி தாக்கி மனிதர்கள் இறந்ததைத் தொடர்ந்து, பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்திவைத்தது. தீ, வெள்ளம், யானை நடமாட்டம் என்று எந்தக் காரணத்துக்கும் திடீரென மூடலாம். விடுதி இணையதளத்தில் இந்தச் செய்தி கடைசியில்தான் வரும். வனத்துறை அறிவிப்பையும் அந்த வாரச் செய்தியையும் பாருங்கள்.

சஃபாரி இரண்டு விதத்தில் கிடைக்கும். ஒன்று, கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் போன்ற இடங்களில் தங்கல், சாப்பாடு, சஃபாரி சேர்ந்த தொகுப்பு. இன்னொன்று, வெளியே மலிவாகத் தங்கிக்கொண்டு வனத்துறை நடத்தும் பஸ்ஸிலோ ஜீப்பிலோ போவது. இரண்டாவதில் பணம் மிச்சமாகும். ஆனால் பெரிய வண்டி, பேச்சுச் சத்தம், குறைந்த நேரம். சித்திரையில் ஒரே ஒருமுறை போகிறீர்கள் என்றால் முதல் வழியில் செலவு செய்வது தகும் என்பேன். ஒரு சஃபாரியோடு திரும்பாதீர்கள். ஒரு மாலை, மறுநாள் ஒரு காலை என்றாவது வையுங்கள். கோடை வார இறுதிகள் இரண்டு மூன்று மாதம் முன்பே நிரம்பிவிடும். திங்கள் முதல் வியாழன் வரை லீவு போட முடிந்தால் இடமும் கிடைக்கும், காட்டில் வண்டிக் கூட்டமும் குறையும்.

மலை நடைக்கு, கர்நாடக வனத்துறையின் ஆரண்ய விஹாரா தளத்தில் முன்பதிவு. 2024 ஜனவரியில் குமார பர்வதத்தில் கூட்டம் அலைமோதிய காணொளிகள் பரவிய பிறகு, ஆன்லைனில் பதியாமல் போக முடியாது, ஒரு பாதையில் நாளுக்கு 300 பேருக்கு மேல் இல்லை என்று கட்டுப்பாடு வந்தது. வாட்ஸ்அப் குழுவில் "பர்மிஷன் நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் ஆட்களிடம் அனுமதிச்சீட்டை உங்கள் பெயரில் கேட்டு வாங்குங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் ஏற விரும்பினால் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு இருக்கிறது. அதையும் தீப்பருவத்தில் மூடுகிறார்கள்.

உடம்பும் பையும்

மழை மாதங்களில் மலைநாட்டில் அட்டை ஏறும். அதற்கென்று விற்கும் நீளக் காலுறை வாங்கிக்கொள்ளுங்கள்; ஒட்டிக்கொண்டால் உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் சிறிது நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை.

கோடையில் பயப்பட வேண்டியது உண்ணி. சிவமொக்கா, உத்தர கன்னடம், சிக்கமகளூர் காடுகளில் நவம்பர் கடைசியிலிருந்து மே வரை குரங்குக் காய்ச்சல் பரவும் காலம். 1957-ல் சிவமொக்கா மாவட்டம் கியாசனூர் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட நோய் இது. உண்ணி கடித்தால் வரும். சருகில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். முழுக்கை, முழுக்கால் உடை போட்டு, கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் விடுங்கள். செத்த குரங்கைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறையிடம் சொல்லுங்கள். அறைக்குத் திரும்பியதும் வெந்நீர்க் குளியல், உடைகளைத் தனியே துவைத்தல். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் வந்தால், எந்தக் காட்டுக்குப் போனீர்கள் என்பதை டாக்டரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்; பெங்களூர் கிளினிக்கில் அவராகக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

டிசம்பர், ஜனவரி காலை சஃபாரிக்குத் திறந்த ஜீப்பில் குல்லாவும் சால்வையும் இல்லாமல் ஏறினால் பல் தந்தியடிக்கும். கோடையில் தொப்பி, தண்ணீர், புழுதிக்கு ஒரு துண்டு. சிவப்பு, மஞ்சள், வெள்ளைச் சட்டைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

வழியில்

பந்திப்பூர், முதுமலை வழியாகப் போகும் சாலைகள் இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து ஏழு மணிக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் கிளம்பினால் குண்டலுப்பேட்டை தாண்ட முடியாது. மைசூரில் தங்கிவிட்டு விடியலில் போங்கள். பைக்கில் போகிறவர்களுக்கு, பெங்களூர் - மைசூர் விரைவுச்சாலையின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்டிலிருந்து இருசக்கர வண்டிக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். ஒன்றரை மணி நேரம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். முதுமலை தாண்டி ஊட்டிக்கும் ஏறுவதாக இருந்தால் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள்தான் என்று வரம்பு வைப்பதால், வாசலில் நின்றுகொண்டு கைபேசியில் பதியலாம் என்று நினைக்காமல் தேதி முடிவான அன்றே எடுத்துவிடுங்கள்.